ராபர்ட்சன்பேட்டைத் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து நான்கு நாளாகிறது. ‘அக்கா’ என்று தொடங்கியிருந்தாய். அந்த உரிமையில் நானும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருந்தாய், போடவில்லை. பதிலைத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே கேள்வியைப் பங்காரப்பேட்டையிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வேறு பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

நீ எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்கு ஒரு புராஜெக்ட். எக்ஸ்வி6 என்ற சின்ன கர்னலில், முன்னுரிமை பார்த்து சிபியுவைக் கொடுக்கும் ஷெட்யூலர் எழுதவேண்டும். நாலு பேர் குழு, மற்ற மூன்று பேரும் உன்னை நம்பி இருக்கிறார்கள். பாதி வரை ஓடுகிறது, அப்புறம் திரையில் ‘பேனிக்: அக்வயர்’ என்று வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. இரண்டு வாரம்தான் மிச்சம். பெங்களூரில் ஒரு ‘எக்ஸ்பர்ட்’ கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அவர் கேட்கும் பணம் அம்மாவின் கார்மெண்ட்ஸ் சம்பளத்தில் பாதி. அம்மா விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் போய் ராத்திரி திரும்பும் சம்பளம் அது. “காசு கொடுத்து உதவி வாங்குவது தப்பா அக்கா?” என்று கேட்டு முடித்திருக்கிறாய்.

முதலில் உன் அவசரத்தைப் பார்ப்போம். தப்பா சரியா என்பது அப்புறம்.

அந்த ‘பேனிக்’ என்ற வார்த்தையைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். அது உன்னைத் திட்டவில்லை. எக்ஸ்வி6 எழுதியவர்கள் உன்னைப் போன்றவர்களுக்காகவே அங்கே ஒரு காவல்காரனை நிறுத்திவைத்திருக்கிறார்கள், அவன்தான் கூப்பாடு போடுகிறான். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தால் உன்னிடம் இருப்பது எக்ஸ்86 பதிப்பு. அதில் எல்லா புராசஸ்களின் விவரமும் ஒரே அட்டவணையில் இருக்கிறது, 64 இடங்கள். அதைத் தொடும் யாரும் முதலில் அதன் பூட்டை எடுக்கவேண்டும், வேலை முடிந்ததும் விட்டுவிடவேண்டும். பூட்டை எடுக்கும் ஃபங்ஷனுக்குத்தான் அக்வயர் என்று பெயர். இன்னொரு சிபியு பூட்டை வைத்திருந்தால், கிடைக்கும்வரை அக்வயர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சரி, பூட்டை வைத்திருப்பதே நீதான் என்றால்? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவி வரும் வரும் என்று வாசற்படியில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும். யாரும் வரப்போவதில்லை. இன்டரப்டும் நிறுத்தப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து யாரும் தட்டி எழுப்பவும் முடியாது. அப்படி ஊமையாகத் தொங்கிப்போவதைவிடக் கத்திவிட்டு நிற்பது மேல் என்று நினைத்து, ‘இந்தப் பூட்டு ஏற்கனவே இதே சிபியுவின் கையில் இருக்கிறதா?’ என்று முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள். இருந்தால் பேனிக்.

ஆகவே உனக்கு வந்திருக்கும் செய்தி மிகத் தெளிவானது: பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே எங்கோ மறுபடி அதையே கேட்டிருக்கிறாய். எங்கே என்பதுதான் கேள்வி. அதற்கும் பதில் திரையிலேயே இருக்கிறது, நீ அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டாய். ‘பேனிக்: அக்வயர்’ என்ற வரிக்குக் கீழே நீளமான எண்கள் வரிசையாக வருகின்றன, பார்த்தாயா? மொத்தம் பத்து. முன்னால் இருப்பவை 801 என்று தொடங்கும். எக்ஸ்வி6 கர்னல் நினைவகத்தில் குடியிருக்கும் தெரு அது. யார் யாரைக் கூப்பிட்டு, அவர் யாரைக் கூப்பிட்டு, கடைசியில் இந்தக் கூப்பாடு வந்தது என்ற வழித்தடம்தான் அந்த எண்கள். நீ ‘மேக்’ கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் கர்னல்.ஏஎஸ்எம் என்று ஒரு கோப்பு உருவாகிறது. அதைத் திறந்து முதல் எண்ணைத் தேடு. அக்வயருக்குள் கொண்டுபோய் விடும், அது தெரிந்ததுதான். இரண்டாவதைத் தேடு, அக்வயரைக் கூப்பிட்டது யார் என்று தெரியும். மூன்றாவதைத் தேடு. அங்கே நீ எழுதிய வரி இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். தூங்கும் புராசஸை எழுப்ப ப்ராக்.சி கோப்பில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு என்று யோசி. ஒன்றின் தலையில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, அதைப் படி. பிறகு எக்ஸிட் ஃபங்ஷன் தன் பேரண்ட் புராசஸை எழுப்பும்போது அந்த இரண்டில் எதைக் கூப்பிடுகிறது என்று பார்.

மீதியை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரே ஒரு எழுத்துதான், உன் புராஜெக்ட் இன்று ராத்திரியே ஓடிவிடும். ஆனால் அந்த ஒரு எழுத்தை நீயே கண்டுபிடித்துவிட்டால், இனி எந்த பேனிக்கைப் பார்த்தும் நீ பயப்படமாட்டாய். அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உதவி கேட்பது தப்பே இல்லை. காசு கொடுத்துக் கேட்பதும் தப்பில்லை. டியூஷனுக்குக் கொடுப்பதில்லையா? ஆனால் அந்த மனிதர் விற்பது உதவி இல்லை. உன் இடத்தில் அவர் உட்கார்ந்துகொள்வதற்குப் பணம் கேட்கிறார். அந்த இடம் உன்னுடையது. உன் அம்மா ரயிலில் நின்றுகொண்டே போய் உனக்குப் பிடித்துக்கொடுத்த இடம் அது.

இதை மேடை போட்டுச் சொல்லவில்லை. நானே அப்படி ஒரு புராஜெக்ட் வாங்கியவள்.

2000-இல் நான் கடைசி வருடம். அப்பாவுக்குச் சாம்பியன் ரீஃப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள், விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) கொடுக்கப்போகிறார்கள் என்று தொழிலாளர் லைன் முழுக்க அதே பேச்சு. சம்பளம் ஒழுங்காக வராத மாதங்கள். அந்த நேரத்திலும் புராஜெக்டுக்குப் பணம் என்று கேட்டதும் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமோ வாங்கிக் கொடுத்தார். பெங்களூரில் ஒரு புராஜெக்ட் சென்டருக்குப் போய், பளபளவென்று பைண்டு செய்த ரிப்போர்ட்டோடும் ஃபிளாப்பியோடும் திரும்பினேன். புரொடியூசர்–கன்சூமர் கணக்கைச் செமஃபோர் வைத்துச் செய்து காட்டும் புரோகிராம். ஒருவன் பொருளை உண்டாக்கிப் பெட்டியில் போடுவான், இன்னொருவன் எடுப்பான், பெட்டி நிறைந்தால் முதலாமவன் காத்திருக்கவேண்டும், காலியானால் இரண்டாமவன். ஓடியது, அழகாக ஓடியது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர், வயதானவர், கோபமே இல்லாத முகம். ரிப்போர்ட்டைப் புரட்டினார். புரோகிராமில் அடுத்தடுத்து இருந்த இரண்டு வரிகளை விரலால் காட்டினார். முதல் வரி, பெட்டியில் காலி இடம் வரும்வரை காத்திருப்பது. இரண்டாவது வரி, பெட்டியின் பூட்டை எடுப்பது. “இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் என்னம்மா ஆகும்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டும் காத்திருக்கும் வரிகள்தானே, எது முதலில் வந்தால் என்ன என்று தோன்றியது. “ஒன்றும் ஆகாது சார்” என்றேன். அவர் தலையை ஆட்டினார், வேறு எதுவும் கேட்கவில்லை, பாஸ் மார்க் போட்டார். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வரிகளையும் மாற்றி எழுதி, பேப்பரில் கையால் ஓட்டிப் பார்த்தேன். பெட்டி நிறைந்திருக்கும்போது உண்டாக்குகிறவன் பூட்டை எடுத்துக்கொண்டு, காலி இடத்துக்காகக் காத்திருக்கிறான். எடுக்கிறவன் வந்தால்தான் இடம் காலியாகும். ஆனால் எடுக்கிறவனுக்கு உள்ளே வரப் பூட்டு வேண்டும். அது இவன் கையில். இரண்டு பேரும் சாகும்வரை நிற்பார்கள். அதை நான் கண்டுபிடித்தபோது மணி இரண்டோ மூன்றோ. அப்பா ராத்திரி ஷிப்டில் இருந்தார். நாலு மாதத்தில் கற்றிருக்கவேண்டியதை ஒரு ராத்திரியில் கற்றேன், அதுவும் மார்க் போட்டு முடித்த பிறகு.

இப்படிக் காத்திருக்கவைக்கும் உத்திக்குச் செமஃபோர் என்ற பெயரை வைத்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1960-களில், நெதர்லாந்தில். ரயில்வேயின் கைகாட்டியிலிருந்து எடுத்த பெயர். நம் பெரியவர்கள் ‘கைகாட்டி மரம்’ என்பார்களே, அதேதான். மாரிக்குப்பம் ரயிலில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயரை யாராவது கைகாட்டி என்று சொல்லித் தந்திருந்தால் வைவாவில் அப்படிப் பதில் சொல்லியிருக்கமாட்டேன் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் எனக்குப் பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது, டிவைஸ் டிரைவர் எழுதும் வேலை. முதல் ஆறு மாதம் ஒரு பிழையில் மாட்டிக்கொண்டு திணறினேன். சில சமயம் வரும், சில சமயம் வராது. பிரிண்ட் வரி போட்டுப் பார்த்தால் வரவே வராது, எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடும். அங்கே ஒரு மூத்த பொறியாளர் மூன்று நாள் சாயங்காலம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளும் அவர் கீபோர்டைத் தொடவில்லை. “அடுத்து என்ன பார்க்கணும்னு நினைக்கிற?” என்று மட்டும் கேட்பார். நான் ஏதாவது சொன்னால் “பாரு” என்பார். தப்பான இடத்தைப் பார்த்தாலும் தடுக்கமாட்டார். மூன்றாம் நாள் ராத்திரி எட்டரைக்குப் பிழை பிடிபட்டது. பிரிண்ட் வரி போடும் அந்தச் சிறு தாமதத்தில், ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் மோதாமல் தப்பிக்கொண்டிருந்தன.

அதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் உடனே புரிந்துகொண்டார். “முதல் தடவை என்னை இறக்கினப்ப எங்க பெரியவரும் அப்படித்தான்” என்றார். வெடி வைத்த இடத்துக்குள் போனதும் முதல் வேலை தலைக்கு மேல் இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கெட்டியாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் விட்டு விலகியிருந்தால் பறை போலத் தொம்மென்று ஒலிக்கும். இந்த வித்தியாசத்தை வாயால் சொல்லித்தர முடியாது. அந்தப் பெரியவர் கம்பியை அப்பாவின் கையில் கொடுத்து, தான் பக்கத்தில் நின்றுகொண்டு, தட்டச் சொல்லியிருக்கிறார். தட்டு, கேளு, என்னன்னு சொல்லு. தப்பாகச் சொன்னால் மறுபடி தட்டு. பத்தாயிரம் அடிக்கும் கீழே போன சுரங்கம் அது. பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அங்கே ஒருவனுக்காக இன்னொருவன் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் ஒருவனையும் தனியாக இறக்கியதும் இல்லை. தனியாக விடவும் கூடாது, அவன் வேலையைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. அப்பாவின் பெரியவரிடமும் என் பெங்களூர் பொறியாளரிடமும் நான் பார்த்தது இதைத்தான். நீ தேடவேண்டிய எக்ஸ்பர்ட்டும் அப்படிப்பட்டவர்தான்.

நம் ஊருக்கே நிபுணர்கள் உதவி தேடி வந்த கதை உனக்குத் தெரிந்திருக்கலாம். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் காஸ்மிக் கதிர்களைப் பற்றிய சோதனைகளுக்குச் சாம்பியன் ரீஃப்ஸின் ஆழத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள். ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 7,600 அடி ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை 1965-இல் உலகிலேயே முதலில் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு. அத்தனை கருவிகளும் ஷாஃப்ட் வழியாகத்தான் இறங்கவேண்டும். நியூட்ரினோ பற்றி அந்த விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது நம்மவர்களுக்குத் தெரியாது. அவ்வளவு ஆழத்தில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று நம்மவர்களுக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. உலகம் அறிந்த விஞ்ஞானிகளே உதவியோடுதான் நம் மண்ணுக்குள் இறங்கினார்கள். ஆனால் சோதனையை அவர்கள்தான் செய்தார்கள். உதவி கேட்கிறோமே என்று வெட்கப்பட வேண்டியதே இல்லை, தங்கை.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சரித்திரமே இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1970-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சுமார் ஒன்பதாயிரம் வரிகளை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து விளக்கவுரை எழுதினார். உரிமச் சிக்கலால் அது வெளிப்படையாக அச்சாகவே 1996 ஆனது. அதுவரை உலகம் முழுக்க மாணவர்கள் ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். அந்த ஆறாம் பதிப்பை மாதிரியாக வைத்துத்தான் எம்.ஐ.டி.யில் 2006-இல் எக்ஸ்வி6 எழுதப்பட்டது. பெயரில் இருக்கும் ஆறு அந்த ஆறுதான். நீ கட்டிப் புரளும் கோடு, ஓர் ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில் வந்தது. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது முதலில் யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் விதிகள் எங்கே கிடைக்கும் என்று ஊர் பேர் தெரியாதவர்களிடம் கேட்டார். ஆகஸ்டில், தான் ஒரு சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்லி, அப்போதிருந்த மினிக்ஸ் என்ற சிஸ்டத்தில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டார். இரண்டு தடவையும் கேட்டார், ஆனால் கையில் தன் வேலையோடு கேட்டார். உன் கையிலும் இருக்கிறது. பாதி ஓடுகிறது என்றாயே, அந்தப் பாதி உன்னுடையது.

உன் கடிதத்தின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி அடித்திருந்தாய், ஆனாலும் படிக்க முடிந்தது. உங்கள் தெருவில் ஒரு அண்ணன் வெளிநாட்டு மாணவர்களுக்கு ராத்திரியில் அசைன்மெண்ட் எழுதிக்கொடுக்கிறார், நல்ல பணம், படித்து முடித்ததும் நானும் செய்யலாமா என்று. இந்தக் கேள்வி முதல் கேள்வியைவிட என்னை அதிகம் பாதித்தது.

எனக்கும் அப்படி ஒருவரைத் தெரியும், ஆண்டர்சன்பேட்டைக்காரர். என்னைவிட நன்றாக கர்னல் தெரிந்தவர். மெல்பர்னில் இருக்கும் ஒரு மாணவனுக்கு இங்கிருந்து ஃபைல் சிஸ்டம் எழுதிக்கொடுப்பார். “நான் எழுதினது அங்கே டிஸ்டிங்ஷன் வாங்குது அக்கா, என் பேரில் காட்ட எனக்கு ஒரு வரி கோடு இல்லை” என்று ஒரு நாள் சொன்னார். ஐந்து வருட வேலை, ஆனால் இன்டர்வியூவில் சொல்ல ஒன்றும் இல்லை. எழுதிய எதையும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. நம் ஊரிலிருந்து 120 வருடம் தங்கம் வெளியே போனது. அறிவும் அப்படிப் பேரில்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு முடியவில்லை.

சட்டமும் மாறிவிட்டது. ஆஸ்திரேலியா 2020-இலும் இங்கிலாந்து 2022-இலும் பணம் வாங்கிக்கொண்டு மாணவருக்காக அசைன்மெண்ட் செய்துதரும் தொழிலைக் குற்றமாக்கிவிட்டன. வாங்கும் மாணவன் பிடிபடுவதும் சுலபம். இரண்டு புரோகிராம்களை ஒப்பிட்டு எங்கே எங்கே ஒத்துப்போகின்றன என்று காட்டும் ‘மாஸ்’ என்ற கருவி 1994 முதலே இருக்கிறது, அலெக்ஸ் ஐக்கென் உருவாக்கியது. மாறிகளின் பெயரை மாற்றி, கமெண்டை அழித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. மாஸ் பெயர்களைப் பார்ப்பதில்லை, கோடின் எலும்பைப் பார்க்கிறது. உன் பெங்களூர் எக்ஸ்பர்ட் இதே எக்ஸ்வி6 ஷெட்யூலரை எத்தனை காலேஜுக்கு விற்றிருப்பார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, யாரிடம் போவது? காசில்லாமல் கிடைக்கும் நல்ல உதவியே நிறைய இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் செஸ்டர் ரெபைரோ என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் வழியாக ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்தியிருக்கிறார், எக்ஸ்வி6-ஐயே வைத்து. பம்பாய் ஐ.ஐ.டி.யின் மைதிலி வுடுகுருவின் பாடங்களும் பயிற்சிகளும் பொதுவில் கிடைக்கின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுஸ்ஸோ தம்பதி எழுதிய ‘ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்’ புத்தகத்தை அவர்களே இலவசமாக விட்டிருக்கிறார்கள். பூட்டுகளைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் இந்த வாரம் படி, மற்றது லீவில். மனிதர்கள் வேண்டுமென்றால் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் ஆர்வலர் குழுக்கள் பல வருடமாக மாணவர்களோடு உட்கார்ந்து சொல்லித்தருகின்றன, ஒரு பைசா வாங்காமல். தமிழிலேயே கேட்கலாம். இது சின்ன விஷயமில்லை. பாதிப் பேர் வகுப்பில் சந்தேகம் கேட்காமல் இருப்பதற்குக் காரணம், இங்கிலீஷில் கேட்கத் தெரியவில்லை என்பதுதான். கன்னடத்தில் பாடம், இங்கிலீஷில் புத்தகம், தமிழில் வீடு என்று வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இரட்டைச் சுமை.

காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மணிக்கணக்கில் கொடு. அரை மணி நேரம் உன் கோடைப் பார்த்து உன்னிடம் கேள்வி கேட்பவருக்குக் கொடு. பேச்சைத் தொடங்கும்போதே அவர் “கோடை அனுப்பு, நான் பார்த்துக்கறேன்” என்றால் அவரை விட்டுவிடு. “எங்கே நின்னுபோச்சு, நீ என்ன நினைக்கிற?” என்றால் அவரைப் பிடித்துக்கொள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கேள். ஆனால் ‘எழுதிக்கொடு’ என்று கேட்காதே. ‘இந்தப் பூட்டை வைத்திருக்கும்போது எதையெல்லாம் கூப்பிடக்கூடாது, ஏன்?’ என்று கேள். அது சொல்வதை நம்பாமல் ப்ராக்.சி-யைத் திறந்து சரிபார். பிழையில்லாத தமிழில் தப்பான விடை சொல்லும் சமயங்களும் உண்டு. வைவாவில் பரிசோதகர் இரண்டு வரியை விரலால் காட்டும்போது அது உன் பக்கத்தில் இருக்காது.

யாரிடம் கேட்டாலும் எப்படிக் கேட்பது என்பது முக்கியம். ‘என் புராஜெக்ட் ஓடவில்லை, உதவி செய்யுங்கள்’ என்று எனக்கு ஒரு வாரத்தில் பத்து வருகிறது. என்ன பதில் எழுதுவது? உன் கடிதத்துக்கு நான் உடனே உட்கார்ந்ததற்குக் காரணம், நீ படம் அனுப்பியிருந்தாய், என்ன மாற்றினாய் என்று எழுதியிருந்தாய், மாற்றுவதற்கு முன் ஓடியது என்று சொல்லியிருந்தாய். அதோடு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்: பிழையை மிகச் சின்னதாக்கிக் காட்டு. உன் டெஸ்ட் புரோகிராம் எட்டுக் குழந்தை புராசஸ்களை உண்டாக்குகிறது. ஒன்றே ஒன்றை மட்டும் உண்டாக்கிப் பார். அப்போதும் பேனிக் வருகிறதா? வந்தால் ஏழு சந்தேகம் ஒரேயடியாகப் போய்விடும். வராவிட்டால் இரண்டு வை. பெரும்பாலும் இப்படிச் சின்னதாக்கிக்கொண்டே போகும்போதே விடை கண்ணில் பட்டுவிடும், கடிதத்தை அனுப்ப வேண்டியே வராது.

குழுவில் இருக்கும் மற்ற மூன்று பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் சோம்பேறிகள் என்று நீ எழுதவில்லை, ஆனால் சலிப்பு தெரிகிறது. அவர்களுக்கும் பயம்தான். புதிதாக ஒரு சிஸ்டம் கால் சேர்க்க எக்ஸ்வி6-இல் ஐந்து கோப்புகளில் கை வைக்கவேண்டும், நீ எல்லாவற்றையும் தனியாகச் செய்திருக்கிறாய். பத்து எண்களில் ஆளுக்கு இரண்டைக் கொடு. கர்னல்.ஏஎஸ்எம்-இல் தேடிக் கண்டுபிடித்து, அது எந்த ஃபங்ஷன் என்று எழுதிக்கொண்டு வரட்டும். பாறையைத் தட்டிப் பார்க்க ஆளுக்கொரு கம்பி வேண்டும்.

அம்மாவிடம் பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. என்ன நடந்தது என்று கேட்டால், இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ராபர்ட்சன்பேட்டையில் இருப்பேன், எம்.ஜி. மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் அம்மா வீட்டில். முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். நாலு பேரும் வாருங்கள். லேப்டாப்பும் சார்ஜரும் எடுத்து வாருங்கள். அதற்குள் பிழை பிடிபட்டிருந்தால் எப்படிப் பிடித்தாய் என்று எனக்குச் சொல். பிடிபடாவிட்டால் அந்தப் பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன், கீபோர்டு உன் கையில் இருக்கட்டும். முதல் எண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.

அன்புடன்,
அக்கா